மொதச் சறுக்கு

— இன்னும் ஒரு சொம்பு ஊத்திப் பாரும் வேய்.

— ஊத்துத தண்ணியெல்லாம் வால் வழியா வடிஞ்சு போவுது அண்ணாச்சி. கெடா நிக்க நெலையப் பாருங்க. பஸ் ஸ்டாண்டுல கழுகுமலை வண்டிக்கு நிக்க மாதிரி நிக்கு.

— தலையில ஊத்தாதேயும். முதுகெலும்பு நெடுக ஊத்தும். அப்பத்தான் கூசும், உடம்ப ஒதறித் துலுக்கும்.

— எனக்கே சொல்லித் தாரீங்களாக்கும். எங்க தாத்தா காலத்துல இருந்து இடைசெவல் சுத்துவட்டாரத்துல எந்தக் கோயில் கொடைத் திருவிழான்னாலும் கெடா எங்க பட்டியில இருந்துதான் போவுது. நான் சொல்லுதேன்ல, எங்க பட்டிக் கெடா மேல மஞ்சத் தண்ணி பட்ட ஒடனே தலையில இருந்து வால் வரைக்கும் துலுக்கி நிக்கும். பூசாரி சொம்பக் கீழ வைக்க நேரம் இருக்காது.

— அப்ப இது யாரு பட்டிக் கெடா?

— என் பட்டிதான். அதான் எனக்கே ஒண்ணும் புரியல.

— பூசாரி வேற, ஆள் கூட்டம் நின்னா கெடா மிரளும், நீங்க ரெண்டு பேரு மட்டும் உள்ள நின்னு ஊத்துங்க, துலுக்குனதும் கூப்பிடுங்கன்னு சொல்லிட்டு, வாசல்ல கருப்பசாமி கல்லுகிட்ட அரிவாளோட போயி உக்காந்துட்டாரு. மணி பத்தாவப் போவுது. வெள்ளிக்கெழம ராகுகாலம் பத்தரைக்குப் பொறந்துரும். அதுக்குள்ள இது துலுக்கணும், வெட்டணும், ரத்தத்தத் தொட்டு அலைக்குளத்துப் படியில வைக்கணும், இந்தத் தண்ணி பார்க்கு கேட்டத் தொறக்கணும்.

— கேட்டத் தொறந்துட்டு அப்புறம் வெட்டுனா ஆவாதா?

— வேய் பெருமாள், வெளிய நிக்க சனம் உம்ம சனந்தான? என்ன சொல்லுதாவன்னு உமக்குத் தெரியாதா? புதுத் தண்ணி காவு கேக்கும், கெடா துலுக்கி சாமி உத்தரவு குடுத்தாத்தான் பிள்ளைகள எறக்குவோம்னு கம்பியப் புடிச்சிட்டு நிக்காவ. ஒரு பய உள்ள கால் வைக்க மாட்டான்.

— அதுல தப்பு இல்லையே அண்ணாச்சி. புதுக் கெணறு வெட்டுனாலும் அதுதான மொறை.

— நானும் தப்புன்னு சொல்லலியே. எனக்கும் பயந்தான். இல்லன்னா உம்மகிட்ட கெடா கேட்டு வருவனா?

— அப்ப பொறுமையா நில்லுங்க. இன்னொரு தரம் ஊத்துதேன். ஏய், துலுக்குடா. துலுக்குடா ராசா.

— அசை போடுது வேய்.

— ஆமா அண்ணாச்சி. கண்ண மூடிட்டு அசை போடுது.

— எனக்கு ஒரு சந்தேகம். இதுக்கு ஏதும் சீக்கு இருக்கா?

— என் கெடாவுக்கா? கொம்பப் பாருங்க, முதுகத் தடவிப் பாருங்க. பொறந்த மூணாம் நாளு தாய் செத்துப் போச்சு. எம்மவதான் பால் பாட்டில் வச்சு வளத்தா. கடலை மிட்டாய் திங்காம ஒரு நாளும் படுக்காது. சீக்கு உங்க தண்ணிக்குத்தான் இருக்கும். ஆசுபத்திரி மாதிரி வாடை அடிக்கி. சாமிக்கு மருந்துத் தண்ணிய ஊத்துனா எப்படி உத்தரவு குடுக்கும்?

— என் தண்ணியச் சொல்லாதேயும். கண்ணாடி மாதிரி கெடக்கு பாரும். அடியில கெடக்க நீலக் கல்லு ஒண்ணு ஒண்ணாத் தெரியுதா? கழுகுமலைப் பக்கம் பாழடைஞ்ச கல்குவாரி. ஐப்பசி மழையில ரொம்பி நின்ன தண்ணி. லாரி லாரியாக் கொண்டாந்து ஊத்துனேன். அதுக்குப் பொறவு ஒரு சொட்டு வெளிய போவல. இதே தண்ணிதான் பில்டருக்குப் போயி சுத்தமாயி திரும்பி வருது.

— குடிக்கத் தண்ணிக்குக் கொடத்தத் தூக்கிட்டு அலையுத ஊருல, குளிக்க ஒரு மில்லு நெறையத் தண்ணியான்னு பேசுதாவ.

— பேசட்டும். லாரி ஓடுன அன்னைக்கெல்லாம் மொத வண்டி எந்த ஊரு தொட்டிக்குப் போச்சு? இடைசெவலுக்குத்தான போச்சு? நீரே குடிச்சீரே. அதச் சொல்லுதாவளா?

— நான் குடிச்சத இல்லன்னு சொல்லல அண்ணாச்சி. ஊரு பேசுறதச் சொன்னேன்.

— ஊரு எல்லாந்தான் பேசுச்சு. செண்பகராஜு நெருப்புல சம்பாதிச்சதத் தண்ணியில கொட்டுதான்னு என்னப் பாத்து பஜார்ல சிரிச்சாவ. இது என்ன எடம்? மூடிக் கெடந்த பஞ்சு மில்லு. வவ்வாலும் பாம்பும் குடியிருந்த எடம். இந்தக் கூரையப் பாத்த ஒடனே எனக்குத் தோணிப் போச்சு. வெளிய குளம் கட்டுனா நம்ம வெயிலு ஒரு மாசத்துல குடிச்சிரும். அதோட நம்ம பொம்பளைங்க தெறந்த வெளியில எறங்குவாவளா? கூரைக்குள்ளன்னா எறங்குவாவ. தண்ணியும் தங்கும், மானமும் தங்கும். அதான் மில்லுக்குள்ளயே கட்டுனேன்.

— அந்த ஓசனை நல்ல ஓசனைதான். எம்பொஞ்சாதியே கேட்டா, உள்ள யாரும் பாக்க மாட்டாவளான்னு.

— வரச் சொல்லும். பொம்பளைங்களுக்குன்னு தனி நேரம் வச்சிருக்கேன். இந்தா ஒசரமா படிக்கட்டோட நிக்கே, அதுதான் பச்சைச் சறுக்கு, உச்சியில உக்காந்தா வழுக்கிக் கொண்டாந்து தண்ணியில விட்டுரும். அந்தா மேற்கால பாரும், அதுதான் வட்ட ஆறு. டியூப்புல உக்காந்தாப் போதும், மில்ல ஒரு சுத்து சுத்திக் கொண்டாந்து விட்டுரும். நம்ம கரிசக்காட்டுல வருசம் பூரா ஓடுத ஆறு எங்கயாவது இருக்கா? இங்கன இருக்கு. ஒசரத்துல தொங்குதே செவப்பு வாளி, அது ரொம்புனதும் தானாக் கவுந்து கீழ நிக்கவன் தலையில கொட்டும். அதுக்கு அங்கன, கதவு போட்டிருக்குல்லா, அது மழை ரூம்.

— மழை ரூமா? ரூமுக்குள்ள மழை எப்படிப் பெய்யும்?

— ஒரு சுவிச்சப் போட்டா சாரல், இன்னொரு சுவிச்சப் போட்டா அடைமழை. இடி சத்தம் கூட உண்டு. எங்கய்யா தீப்பெட்டி ஆபீஸ் வச்சிருந்தாவல்லா, வானம் இருட்டுனாலே அவியளுக்கு மொகம் சுண்டிப் போவும். முக்குன குச்சி காயாது. ஊரே மழைக்கு ஏங்கும், எங்க வீட்டுல மட்டும் மழை வந்துரக் கூடாதுன்னு விளக்கு ஏத்துவாவ. எனக்கு அது சின்ன வயசுலயே கூச்சமா இருக்கும் வேய். மழைய வேண்டாம்னு சொன்ன குடும்பம். இன்னைக்கு அந்தக் குடும்பத்துக்காரன் கோவில்பட்டிக்கு மழை கட்டி வச்சிருக்கான். எனக்குப் பெருமையாத்தான் இருக்கு. வாய் விட்டே சொல்லுதேன்.

— சொல்லுங்க அண்ணாச்சி. உங்களுக்கு இல்லாத பெருமையா? ஆனா கெடா துலுக்கலையே.

— அதச் சொல்லிக் காட்டாதேயும். இந்தாரும், கழுகுமலைக் கோயில் தீர்த்தம். காலையில ஆள் அனுப்பி வாங்கிட்டு வந்தேன். மருந்து வாடை கெடையாது. இத ஊத்தும்.

— குடுங்க. முருகா, நீ பாத்துக்கப்பா. ஊத்துதேன்.

— என்ன?

— நக்குது அண்ணாச்சி. மூக்குல வடிஞ்சத நாக்கப் போட்டு நக்குது.

— தீர்த்தத்தக் குடிக்கா?

— குடிச்சிட்டு இன்னும் இருக்கான்னு சொம்பப் பாக்கு.

— வேய், நான் ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது. காதுக்குள்ள ரெண்டு சொட்டு விட்டா எந்த ஆடும் தலைய ஒதறிரும்னு சொல்லுதாவளே.

— அண்ணாச்சி.

— கோவப்படாதேயும்னு மொதல்லயே சொன்னேன்.

— காதுல தண்ணி விட்டு ஒதற வைக்கது சாமிய ஏமாத்துத வேலை. எங்க பட்டியில எவனும் அதச் செஞ்சதில்ல. எங்கய்யா ஒரு கொடையில கெடா துலுக்க நேரமாச்சுன்னு மத்தியானம் வரைக்கும் சோறு தண்ணியில்லாம நின்னாவ. காதப் புடின்னு ஊரே சொல்லுச்சு. தொட மாட்டேன்னுட்டாவ. அந்தப் பேருக்குத்தான இன்னைக்கும் எங்கிட்ட கெடா கேட்டு வாராவ?

— உம்ம பேரு உமக்கு. என் நெலைமை எனக்கு. பத்து மணி ஆயிப் போச்சு. வெளிய கழுகுமலையில இருந்து வந்த பஸ்ஸெல்லாம் நிறுத்தி வச்சிருக்கு. இன்னைக்குத் தொறக்கலன்னா, சாமி உத்தரவு குடுக்காத தண்ணின்னு பேரு விழுந்துரும். அந்தப் பேரு விழுந்துச்சுன்னா எந்த நாளைக்கும் ஒரு பிள்ளை இதுல எறங்காது. பழையபடி வவ்வாலுதான் வரும். நான் கட்டுனது அம்புட்டும் போச்சு.

— எனக்கும் மனசு கேக்கலதான் அண்ணாச்சி. ஆனா காதத் தொட மாட்டேன்.

— மொதலாளி, கேட்டுல கேக்காவ. இன்னும் எம்புட்டு நேரம் ஆவும்னு.

— ஏட்டி செல்வி, நீ எதுக்கு இங்கன வந்த? ஆள் நடமாட்டம் ஆவாதுன்னு பூசாரி சொன்னாருல்லா?

— நான் எங்க வந்தேன்யா? என் வேலையே இங்கதான? மேல பச்சைச் சறுக்குல நின்னுட்டு இருந்தேன். கேட்டுல சத்தம் கூடிப் போச்சு, சொல்ல வந்தேன்.

— வா தாயி. உங்கய்யாகிட்ட நீயாவது சொல்லு. கெடா துலுக்கவே இல்ல.

— துலுக்கலையா?

— என்னட்டி சிரிக்கே?

— சிரிக்கலய்யா.

— கெடாவத் தொடாத. நீ வளத்ததுதான், இல்லன்னு சொல்லல. இன்னைக்கு அது சாமிக்கு உள்ளது. தள்ளி நில்லு.

— வேய், பிள்ளைய வையாதேயும். இந்தப் பிள்ளை நம்ம ஆபீஸ்ல குச்சி அடுக்கிட்டு இருந்துச்சு. இங்க வேலைக்கு ஆள் எடுத்தப்ப, பிள்ளைங்க எல்லாத்தையும் பச்சைச் சறுக்கு உச்சிக்கு ஏறச் சொன்னேன். கீழ பாத்துட்டு அம்புட்டும் கம்பியக் கட்டிக்கிடுச்சு. உம்ம மவ மட்டும் எட்டிப் பாத்துட்டு, இன்னும் ஒசரமா ஒண்ணு கட்டலையா மொதலாளின்னு கேட்டா. அன்னைக்கே சொல்லிட்டேன், தெறப்பு விழாவுல மொதச் சறுக்கு உனக்குத்தான்னு.

— அது எனக்குத் தெரியாதா? ஊரு பூரா சொல்லி வச்சிருக்கேன். இடைசெவல்ல இருந்து ஒரு வேன் ஆளு வந்திருக்கு, எம்மவ மொத ஆளா எறங்குறதப் பாக்க. ஆடு மேய்ச்சவன் மவ, எல்லாத்துக்கும் முந்தி எறங்கப் போறாள்னு நேத்து டீக்கடையில ஒருத்தரையும் வாய் தெறக்க விடல. ஆனா ஒண்ணு. காவு குடுக்காம எம்பிள்ளை அதுல கால் வைக்காது.

— எய்யா, அந்தத் தண்ணி ஒண்ணும் செய்யாது.

— உனக்கு எப்படித் தெரியும்?

— தெரியும்.

— என்னத்தத் தெரியும்? ஒரு மனுசன் எறங்காத தண்ணி. அண்ணாச்சி, யாராவது எறங்கியிருக்காவளா?

— இல்ல வேய். மெசின் மாட்ட வந்த கோயம்புத்தூர் பிட்டர்மாரு மணல் மூட்டையத்தான் சறுக்குல விட்டுப் பாத்தாவ. தெனம் சாயங்காலம் ஒரு தரம் மோட்டார ஓட்டுங்க, இல்லன்னா பாசி புடிச்சிரும்னு சொல்லிட்டுப் போயிட்டாவ. மோட்டார் ரூம் சாவி உம்ம மவகிட்டதான் இருக்கு. அவதான் தெனம் ஓட்டிட்டு, பூட்டிட்டு வருவா. வெறும் தண்ணிதான் ஓடும்.

— மொதலாளி, இப்பவும் கொஞ்சம் மோட்டாரப் போடட்டுமா? தண்ணி ஓடுத சத்தம் கேட்டா கேட்டுல நிக்கவியளுக்கும் மனசு ஆறும்.

— கூடாதுட்டி. காவு குடுக்குத வரைக்கும் இன்னைக்குத் தண்ணி அசையப்படாதுன்னு பூசாரி சொல்லிட்டாரு.

— ஒரே ஒரு நிமிசம்யா.

— அண்ணாச்சி, அவ சொல்லக் கேக்காதீங்க. மொறை மொறைதான்.

— நானும் போடச் சொல்லல வேய். நீ மேல போ தாயி. உங்கய்யாவும் நானும் பாத்துக்கிடுதோம்.

— நான் இங்கனயே நிக்கேன் மொதலாளி. கெடாவுக்கு என்னப் பாத்தா ஒரு தெம்பு.

— இவளுக்கு மனசு கெடந்து அடிச்சுக்கிடுது அண்ணாச்சி. மாசியில நீங்க வந்து கெடா கேட்டு, நான் வாக்குக் குடுத்தேன்லா, அன்னைக்கு ராத்திரி இவ சோறு திங்கல. எதுக்குக் குடுத்தீகன்னு ஒரு வார்த்த கேட்டா. வாக்குக் குடுத்தா குடுத்ததுதான்னு சொன்னேன். அதுக்குப் பொறவு ஒண்ணும் பேசல. நம்ம ஆட்டுக் கெடைதான் மில்லுக்குப் பின்னால தரிசுல கெடக்கே, தெனம் சாயங்காலம் கெடாவ மட்டும் இவளே அவுத்துட்டுப் போயி மேய்ப்பா. இருக்க வரைக்கும் நல்லாத் திங்கட்டும்னு நானும் விட்டுட்டேன்.

— நல்லாத்தான் மேய்ச்சிருக்கா. ஆனா நீரு கருங்கெடான்னு சொன்னீரே, முதுகுல ரோமம் பூராம் செம்பட்டையால்லா இருக்கு?

— அதுதான் எனக்கும் மனசுல உறுத்துது. தை மாசத்துல கன்னங்கரேர்னு நின்னுச்சு. வெயிலு அண்ணாச்சி. இந்த வருசம் வெயிலு அப்படி. மனுசன் தலையே பழுக்குது, ஆட்டு ரோமம் பழுக்காதா?

— ஆமா, வெயிலு கொடுமைதான். காத்தும் அப்படித்தான் வேய். பில்டர்ல தெனமும் கருப்பு கருப்பா சின்ன உருண்டையா வந்து அடைக்குதுன்னு அந்த பிட்டரு போன்ல கேட்டான், அது என்ன சார்னு. தம்பி, இது கரிசக்காடு, எங்க மண்ணு காத்துல பறந்து வந்து தண்ணி பட்டதும் உருண்டு போவும், நீ ஒண்ணும் பயப்படாதன்னு சொல்லி வச்சிட்டேன்.

— கரிச மண்ணு அப்படித்தான் உருளும்.

— ஏ தாயி, நீ ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்ட?

— ஒண்ணுமில்ல மொதலாளி. இருமல்.

— வேய், மணியப் பாரும். இனிமே என்னால நிக்க முடியாது. நீரு காதத் தொட மாட்டீருன்னா நான் தொடுதேன். பாவம் எனக்கு வரட்டும்.

— அண்ணாச்சி, வேண்டாம். என் கையில கயிறு இருக்கும்போது வேண்டாம்.

— தள்ளும். ரெண்டே சொட்டு. இந்தா விட்டாச்சு.

— விட்டுட்டீகளே.

— வேய்.

— பாத்தேன் அண்ணாச்சி.

— காதுலயும் விட்டாச்சு. காத லேசா மடிச்சிட்டு அப்படியே நிக்கு. ஏமாத்துனாக்கூட ஏமாற மாட்டேங்கி. அப்ப சாமிக்கே இஷ்டமில்ல.

— உக்காராதீங்க அண்ணாச்சி. ஈரத்துல வேட்டி நனையுது. எழுந்திரிங்க.

— நனையட்டும். நான் கட்டுன தண்ணியில என் வேட்டியே இன்னைக்குத்தான் மொதல் தரம் நனையுது. ஒண்ணு சொல்லுதேன், யாருகிட்டயும் சொல்லாதேயும். எனக்குத் தண்ணின்னா பயம். முட்டளவுக்கு மேல நான் எறங்குனதே கெடையாது. தீப்பெட்டிக்காரன் வீட்டுல நீச்சல் எவன் சொல்லிக் குடுப்பான்? நம்ம ஊருப் பிள்ளைங்க அப்படி வளரக் கூடாதுன்னு நெனச்சேன். குச்சி அடுக்குன பிள்ளைங்க எல்லாம் வந்து கூப்பாடு போட்டுக் குளிக்கணும்னு நெனச்சேன். அதுக்கு இந்த ஒரு ஆடு உடம்பு துலுக்க மாட்டேங்கி.

— மொதலாளி, மோட்டாரப் போடட்டுமா?

— ஏட்டி, அவிய என்ன சொல்லிட்டு இருக்காவ, நீ என்ன கேக்க?

— போடு தாயி.

— அண்ணாச்சி.

— போடச் சொல்லும் வேய். காவுதான கேக்கும்? எங்கிட்ட கேக்கட்டும். கட்டுனவன் நான். மொத ஆளா நானே பச்சைச் சறுக்குல எறங்குதேன். வேட்டியோட எறங்குதேன். கேட்டுல நிக்க அம்புட்டு சனமும் பாக்கட்டும். முழுசா வந்தா என் பின்னால அவிய பிள்ளைங்க வரும். வரலன்னா மில்ல இழுத்துப் பூட்டிட்டுப் போங்க.

— நீச்சல் தெரியாதுன்னு இப்பத்தான சொன்னீக.

— இடுப்பளவு தண்ணிதான். கால் ஊணுனா நின்னுரலாம். ஊணாமலா போயிரும்? கைய விடும்.

— அண்ணாச்சி, நீங்க பெரிய ஆளு. ஒத்துக்கிடுதேன். நீங்க எறங்குனா நானும் பின்னால எறங்குதேன். என் கெடா சொதப்புனதுக்கு நானும் பொறுப்பு.

— மொதலாளி, மோட்டாரப் போட்டாச்சு. தண்ணி மேல ஏறுது.

— சரி. படி எந்தப் பக்கம்? ஏன் வேய் கயிற விட்டுட்டீரு?

— நான் விடல அண்ணாச்சி. இழுத்துட்டுப் போயிட்டு. சத்தம் கேட்டதும் காத வெறச்சுச்சு, ஒரே இழுப்பு. கை எரியுது.

— எங்க போவுது?

— படிக்கட்டுக்கு. அந்தா, ஏறுது. எய்யா, தானா ஏறுது.

— புடிங்கவே, அது மேல ஏறி விழுந்துறப் போவுது.

— புடிக்க வேண்டாம் மொதலாளி. விடுங்க.

— திருப்பத்துல நிக்காம போவுதே அண்ணாச்சி. உச்சிக்குப் போயிட்டு. கேட்டுல பாருங்க. அம்புட்டு பேரும் வாயப் பொளந்து பாக்காவ.

— சறுக்கு வாயில நிக்கு வேய். நாலு காலையும் மடக்குது.

— கருப்பசாமி, என்னப்பா இது.

— விட்டுட்டு. வருது. வளைவுல திரும்புது. கொம்பு மட்டும் தெரியுது.

— தண்ணிக்குள்ள விழுந்துட்டு அண்ணாச்சி. முங்கிட்டு. காணலையே. ஏட்டி, காணலையே.

— இந்தா வருதுய்யா. நீந்தி வருது பாருங்க. படிக்கு வந்துட்டு.

— ஏறுது.

— ஏறிட்டு. வேய், பாரும். வேய் பெருமாள், பாரும்வே.

— துலுக்கிட்டு அண்ணாச்சி. தலையில இருந்து வால் வரைக்கும் துலுக்கிட்டு. என் மூஞ்சி பூராம் தண்ணி. நான் சொன்னேன்ல, எங்க பட்டிக் கெடா துலுக்குனா ஆள் நனையணும்.

— குலவை போடுதாவ கேட்டீரா? மில்லுக் கூரையே அதிருது. மணி என்ன?

— பத்தரைக்கு இன்னும் நேரம் இருக்கு மொதலாளி.

— பூசாரி எந்திரிச்சிட்டாரு. அரிவாளோட வாராரு. வேய், உத்தரவு கெடைச்சாச்சு. கெடாவப் புடியும்.

— புடிக்க விட மாட்டேன் மொதலாளி.

— நீ என்ன தாயி குறுக்க நிக்க?

— ஏட்டி, நவுந்து நில்லு. மொறை தெரியாம நிக்காத.

— நவுர மாட்டேன்யா. நீங்களே மொறையச் சொல்லுங்க. உங்க வாயால சொல்லுங்க, நான் கேக்கேன்.

— மொறை என்ன மொறை? துலுக்குன கெடாவ...

— சொல்லும் வேய். பூசாரி வந்துட்டாரு. உம்ம வார்த்தைக்குத்தான் அவரும் நிக்காரு.

— இருங்க அண்ணாச்சி. நான் சொல்லுதேன்ல, இருங்க. புதுத் தண்ணி உசுரு கேக்கும். அதுக்காகத்தான் வெட்டுதோம். சரியா? இது தானாப் படி ஏறுச்சு. தானா அந்தத் தண்ணியில விழுந்துச்சு. தண்ணிக்கு வேணும்னா அங்கனயே எடுத்திருக்கணும். எடுத்துச்சா?

— எடுக்கல.

— எடுக்காமத் திருப்பி அனுப்பிட்டு. படியில ஏத்தி விட்டு, துலுக்கியும் காட்டிட்டு. தண்ணியே வேண்டாம்னு விட்ட உசுர மனுசன் எப்படி வெட்டுறது? இது உசுரு கேக்காத தண்ணி அண்ணாச்சி. பூசாரியய்யா, அரிவாள உறையில போடுங்க. இனிமே இது கோயில் கெடா. யாரும் தொடப்படாது. இடைசெவல் வன்னியபெருமாள் சொல்லுதேன். எம்பட்டி மேல ஆணையாச் சொல்லுதேன்.

— வேய். உசுரு கேக்காத தண்ணியா?

— ஆமா அண்ணாச்சி. நம்ம சீமையில எந்தக் கெணத்துக்கும் கெடைக்காத பேரு.

— இதப் போர்டுலயே எழுதிப் போடுதேன் வேய். நான் போயி கேட்டத் தொறக்கேன். நானே தொறக்கேன். கழுகுமலைக்காரனுக்கும் கேக்குத மாதிரி சொல்லிட்டே தொறக்கேன்.

— மெதுவாப் போங்க மொதலாளி, ஈரம் வழுக்கும்.

— மனுசன் ஓடுதாரு பாரு. வேட்டி தடுக்குது, அதையும் பாக்காம ஓடுதாரு. ஏட்டி, சிரிக்காத. நல்ல மனுசன்.

— நல்ல மனுசன்தான்யா. நீங்களுந்தான்.

— அம்மாடி, என்ன கூட்டம். நம்ம வேன் ஆளுகளப் பாரு, முண்டியடிச்சு வாரானுவ. பூசாரியப் பாத்தியா? அரிவாளக் கக்கத்துல இடுக்கிட்டு வட்ட ஆத்துல கால நனைக்காரு.

— எய்யா, படிக்கட்டப் பாருங்க.

— மறுக்கா ஏறுதா கெடா?

— அது ஏறுது, அது பின்னால பிள்ளைங்க ஏறுது. வரிசையில நிக்கு.

— முன்னால ஒண்ணு போனாப் போதும், மந்தை பின்னாலயே வந்துரும். ஆனா ஏட்டி, எனக்கு ஒரு கொறை. ஊரு பூரா எம்மவதான் மொத ஆளுன்னு சொல்லி வச்சிருந்தேன். வேன்ல வந்தவன் எல்லாம் கேப்பான், என்ன பெருமாளு, உன் மவள முந்திட்டு உன் கெடால்லா எறங்கிட்டுன்னு.

— கேக்கட்டும்யா.

— அது கெடக்கட்டும். இன்னொண்ணு கேக்கேன். அந்தப் படியில எத்தன திருப்பம் இருக்கு, எங்கன கால மடக்கி உக்காரணும், இதெல்லாம் அதுக்கு எப்படித் தெரிஞ்சுது? வாயத் தொறந்து சொல்லுட்டி, எதுக்குக் கடலை மிட்டாய முந்தியில ஒளிக்க?

— அது இன்னைக்கு மட்டுமா என்ன முந்துச்சு? இத வெட்டக் குடுக்கேன்னு நீங்க வாக்குக் குடுத்த மறுநாள் சாயங்காலத்துல இருந்து, மோட்டாரப் போட்டதும் தெனம் மொத ஆளா எறங்குறது அதுதான்யா. நான் எப்பவும் ரெண்டாவது ஆளுதான்.